ஸ்பைடர்மேனா, இண்டெக்ஸ் ஃபண்டா?

2025 நவம்பரில் ஹெரிட்டேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனம் ‘சூப்பர்மேன்’ முதல் இதழின் ஒரு பிரதியை 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விற்றது. 1939இல் கடையில் அதன் விலை 10 சென்ட். இறந்துபோன அம்மாவின் வீட்டைக் காலி செய்த மூன்று சகோதரர்கள் அதைப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். செய்தி வந்த கையோடு காமிக்ஸ் சேகரிக்கும் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பழைய கேள்வி மறுபடி கிளம்பியது: மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி கட்டுவதற்குப் பதிலாக அந்தப் பணத்துக்கு நல்ல காமிக்ஸாக வாங்கிப் போட்டால் என்ன?

சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்ட் 86 வருடத்தில் 91 லட்சம் டாலராகிறது என்றால் கூட்டு வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 24 சதவீதம். அமெரிக்கப் பங்குச் சந்தை நீண்டகால நோக்கில், டிவிடெண்டையும் சேர்த்து, ஏறத்தாழ 10 சதவீதம் தந்திருக்கிறது. அதே 10 சென்ட்டை 10 சதவீதத்தில் 86 வருடம் விட்டுவைத்திருந்தால் கையில் இருப்பது முந்நூற்று அறுபது டாலர் சொச்சம். ஒரு பக்கம் 91 லட்சம், இன்னொரு பக்கம் 360. வாரன் பஃபெட்டே வெட்கப்பட்டுப் போவார்.

இந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை நம்பிப் பணம் போட்டால் மாட்டிக்கொள்வோம். ஏன் என்று பார்க்க 1938க்குப் போக வேண்டும்.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். அச்சடித்தது ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள். இன்று மிஞ்சியிருப்பவை நூறு சொச்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது இரண்டாயிரத்துக்கு ஒன்று. மற்றவை எங்கே? இரண்டாம் உலகப் போரின்போது காகிதம் சேகரிக்கும் இயக்கங்களில் டன் கணக்கில் போயின. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எழுதிய நூல் பெரும் பீதியைக் கிளப்பியது, செனட் விசாரணை வரை போனது. அந்தக் காலகட்டத்தில் ஊர் கூடி காமிக்ஸைக் குவித்து எரித்த சம்பவங்களும் உண்டு. அப்புறம், எல்லா நாட்டு அம்மாக்களும் செய்வதுபோல, வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் தூக்கிப் போட்டது மீதி. ஆக, 1938இல் அந்த இதழை வாங்கிய ஒருவருக்குச் சராசரியாக நேர்ந்தது என்னவென்றால், புத்தகமே காணாமல் போனது. அடுத்த வருட ‘சூப்பர்மேன்’ இதழின் 24 சதவீத வருமானமும் இப்படித் தப்பிப்பிழைத்த ஒன்றின் கதைதான். தொலைந்துபோன 1,999க்கு யாரும் ஏலம் நடத்துவதில்லை, செய்தியும் போடுவதில்லை.

சரி, பங்குகள் மட்டும் யோக்கியமா? அதுவும் இல்லை. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 1926 முதலான அமெரிக்கப் பங்குகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் பார்த்தார். சந்தை உருவாக்கிய மொத்த நிகர லாபமும் வெறும் 4 சதவீத நிறுவனங்களால் வந்தது. மீதி எல்லாம் சேர்ந்து அரசுக் கடன் பத்திரம் கொடுத்த அளவுக்குத்தான் கொடுத்தன. நம் ஊரிலும் 2009 ஜனவரி 7 அன்று சத்யம் பங்கு ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திவாலான வீட்டுக் கடன் நிறுவனம் டிஎச்எஃப்எல்லின் பங்கு வைத்திருந்தவர்களுக்கு 2021இல் கைக்கு வந்தது பூஜ்யம். பங்குகளிலும் பெரும்பாலானவை சொத்தைதான், ஒரு சில முத்துகள் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகின்றன. இதில் காமிக்ஸுக்கும் பங்குக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் முக்கியமானதே அதுதான். எது முத்து என்று தெரியாமலேயே முத்துகளை எல்லாம் வாங்க, பங்குச் சந்தையில் ஒரு வழி இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கினால் நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய நிறுவனங்களிலும் உங்களுக்கு ஒரு துளி உண்டு. தேறாதது பட்டியலிலிருந்து வெளியே போகும், தேறியது உள்ளே வரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றுமே தெரியாதவருக்கும் சந்தையின் சராசரி கிடைத்துவிடும். காமிக்ஸில் அந்தச் சராசரியை விற்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு புத்தகமாகத்தான் வாங்க வேண்டும். தவறிப்போய் சராசரியான காமிக்ஸை வாங்கிவிட்டால், அதன் எதிர்கால மதிப்பு பழைய பேப்பர் விலை.

இதை 1991ஆம் ஆண்டை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். அந்த வருடம் அமெரிக்காவில் காமிக்ஸ் பித்து தலைக்கேறியிருந்தது. பழைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன என்ற செய்தியைப் படித்தவர்கள் எல்லாம் புதிய இதழ்களைப் பத்துப் பத்தாக வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு என்று அடுக்கி வைத்தார்கள். அப்போது ஒருவர் கையில் கொஞ்சம் பணம் இருந்தால், ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் என்ற ஒரே நிறுவனத்தை நம்பி மூன்று விதமாகப் போட்டிருக்கலாம்.

முதலாவது, ‘எக்ஸ்-மென்’ புதிய வரிசையின் முதல் இதழ். ஜிம் லீ படம் வரைந்தது. ஒரே கதைக்கு ஐந்து விதமான அட்டை. சேகரிப்பவர் ஐந்தையும் வாங்குவார் என்று கணக்குப் போட்டார்கள், அப்படியேதான் நடந்தது. 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஒரு தனி காமிக்ஸ் இதழ் அதிகம் விற்றதற்கான உலக சாதனை. அன்று அதைவிடப் பாதுகாப்பான முதலீடு இல்லை என்றுதான் தோன்றியிருக்கும்: புகழ்பெற்ற பாத்திரங்கள், நட்சத்திர ஓவியர், முதல் இதழ். அன்றைய விலை ஒன்றரை டாலர். முப்பது வருடம் கழித்தும் அமெரிக்கக் கடைகளில் சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. 80 லட்சம் பிரதிகள் விற்று, வாங்கியவர்கள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அரிதாகும்?

இரண்டாவது, அதே வருடத் தொடக்கத்தில் வந்த ‘நியூ மியூட்டன்ட்ஸ்’ 98ஆம் இதழ். ஒரு டாலர். வரிசையே முடியப்போகிற நேரம், பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. அதில் டெட்பூல் என்று ஒரு வாயாடிக் கூலிப்படை வீரன் முதன்முதலாக வந்தான். 2016இல் அவனை வைத்துப் படம் வந்து வசூலை அள்ளியபோது இந்த இதழ் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது. இண்டெக்ஸ் ஃபண்டை ஓரங்கட்டிவிட்ட வருமானம். ஆனால் 1991இல் இதைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் இருந்தது? ஒன்றும் இல்லை. அந்த வருடம் வந்த இதழ்களில் ஆயிரத்தை ஒவ்வொரு பிரதியாக வாங்கியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. டெட்பூல் இதழோடு இன்னும் சில நல்ல இதழ்கள் தேறினாலும் மொத்தத்தில் வருவது சில ஆயிரம் டாலர். 1991 நடுவில் 380 புள்ளி அளவில் இருந்த, அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2024 இறுதியில் 5,900ஐ நெருங்கியிருந்தது. 15 மடங்கு, டிவிடெண்டைச் சேர்க்காமலேயே. பெட்டி பெட்டியாகச் சுமந்து வீடு மாறும் வேலையும் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: மார்வெல் பங்கு. 1991 ஜூலையில் மார்வெல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. ஐபிஓ விலை 16 டாலர் 50 சென்ட். ரான் பெரல்மேன் என்ற கோடீஸ்வரர் கையில் நிறுவனம் இருந்தது. இரண்டு வருடம் பங்கு பறந்தது. பிறகு காமிக்ஸ் குமிழி உடைந்தது. விலையேறும் என்று வாங்கியவர்கள் விற்கப் போனபோது வாங்க ஆளில்லை, ஆயிரக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. பழைய பங்குதாரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. எக்ஸ்-மென் இதழை வாங்கியவராவது படிக்க ஒரு புத்தகத்தோடு தப்பினார்!

கதை அங்கே முடியவில்லை. டாய் பிஸ் என்ற பொம்மை நிறுவனம் 1998இல் மார்வெலைத் தன்னோடு இணைத்து மீட்டது. அந்தப் புதிய மார்வெலை 2009இல் டிஸ்னி 400 கோடி டாலருக்கு வாங்கியது. பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 50 டாலர், ரொக்கமும் டிஸ்னி பங்குமாக. மார்வெல் என்ற பெயரை நம்பியவர்களில் 1991இல் வாங்கியவர் மொட்டை, திவாலுக்குப் பிறகு யாரும் சீந்தாத நேரத்தில் வாங்கியவர் பணக்காரர். ஸ்பைடர்மேன் மாறவில்லை, அவனுக்கு இருந்த ரசிகர்களும் மாறவில்லை. நிறுவனத்தின் கடனும் வாங்கிய நேரமும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன. எனவே ‘பங்கு’ என்று நான் பொதுவாகச் சொல்லும்போது ஒற்றை நிறுவனப் பங்கைச் சொல்லவில்லை. அதற்கும் காமிக்ஸுக்கும் ஆபத்தில் பெரிய தூரம் கிடையாது.

உச்சாணிக் கொம்பில் இருக்கும் காமிக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டால்? அவற்றை எவரும் குப்பையில் போடப்போவதில்லை. அங்கேயும் எந்த வருடத்தில் தொடங்கிக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறுகிறார். நடிகர் நிக்கோலஸ் கேஜ் 1997இல் ஒரு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழை ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கினார். 2011 நவம்பரில் அது 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. 14 மடங்கு. அதே காலத்தில் அமெரிக்கச் சந்தை டாட்காம் சரிவையும் 2008ஐயும் தாண்டித் தட்டுத்தடுமாறி வந்தது. டிவிடெண்டைச் சேர்த்தாலும் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில்தான் நின்றது. காமிக்ஸுக்குத் தெளிவான வெற்றி. ஒரு சின்ன விஷயம்: நடுவில், 2000இல், அந்தப் புத்தகம் கேஜின் வீட்டிலிருந்து திருடு போய்விட்டது. கலிஃபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு ஸ்டோரேஜ் லாக்கரில் 2011இல்தான் கிடைத்தது. இண்டெக்ஸ் ஃபண்டை யாரும் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போக முடியாது.

எதிர்க் கதை ஸ்பைடர்மேனுடையது. அவன் முதன்முதலில் வந்த ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15ஆம் இதழ், 1962 ஆகஸ்ட், 12 சென்ட். பத்துக்கு 9.6 மதிப்பெண் வாங்கிய தரத்தில் ஒரு பிரதி 2011 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு விற்றது. அதே தரத்தில் ஒரு பிரதி 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்குப் போய், அன்றைக்கு உலகின் விலை உயர்ந்த காமிக்ஸ் என்று தலைப்புச் செய்தியானது. பத்தரை வருடத்தில் 3.3 மடங்கு. எஸ் அண்ட் பி 500 அதே காலத்தில் டிவிடெண்டோடு நான்கு மடங்கைத் தாண்டியிருந்தது. உலக சாதனை படைத்த காமிக்ஸ், ஒரு சோம்பேறி இண்டெக்ஸ் ஃபண்டிடம் தோற்றது. அதுவும் ஏல நிறுவனத்தின் பங்கைக் கழிக்காமலேயே. அந்த 36 லட்சத்தில் வாங்குபவர் செலுத்தும் 20 சதவீத பிரீமியமும் அடக்கம். விற்றவர் கணக்கில் பார்த்தால் அதிகபட்சம் 30 லட்சம்.

இந்தச் செலவு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சேகரிப்பாளர்கள் தங்கள் வருமானத்தைச் சொல்லும்போது இதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கிவிட்டு மறுநாளே விற்கப் போனால் என்ன ஆகுமோ அதே நிலைதான் இங்கேயும். காமிக்ஸ் விலைகளைத் தொகுத்துத் தரும் கைடில் ஆயிரம் டாலர் என்று போட்டிருக்கும் புத்தகத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் ஐந்நூறு, அறுநூறு சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதை விற்கும்வரை அவர் பணம் முடங்கும். ஈபேயில் நேரடியாக விற்றால் கட்டணம் மட்டும் ஏறத்தாழ 13 சதவீதம். அப்புறம் பேக்கிங், அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ், ‘மூலை மடங்கியிருக்கிறது’ என்று திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர். இதற்கு எதிரே, இந்தியாவில் ஒரு பங்கை டெலிவரியாக வாங்கி விற்றால் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், புரோக்கரேஜ் சில்லறை, விற்ற மறுநாள் செட்டில்மென்ட். காமிக்ஸ் 20 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அதற்கே சில வருடம் பிடிக்கலாம்.

தரம் பார்ப்பது இன்னொரு உலகம். 2000இல் தொடங்கப்பட்ட சிஜிசி என்ற அமெரிக்க நிறுவனம் புத்தகத்தை ஆராய்ந்து, 10க்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருகிறது. சேகரிப்பவர்கள் ஸ்லாப் என்பார்கள். பெரிய பணம் இந்தத் துறைக்குள் வந்ததே இதற்குப் பிறகுதான், முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் நம்பி வாங்க முடிந்தது. ஆனால் 9.6க்கும் 9.8க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, விலையிலோ இரண்டு மடங்குகூட ஆகலாம். அந்தப் பெட்டியை நம்பியே வாங்குகிறோம். 2023 கடைசியில், பெட்டிக்குள் இருந்த நல்ல பிரதியை எடுத்துவிட்டு மட்டமான பிரதியை வைத்து, புதுப் பெட்டி போடவைத்து விற்ற மோசடி வெளியே வந்தது. ஆடிப்போனார்கள் சேகரிப்பாளர்கள்.

தெரியாமல் வாங்குபவரை எப்படியெல்லாம் கவிழ்க்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181, 1974. வுல்வரின் முழுதாக வந்த முதல் இதழ். எழுபதுகளின் காமிக்ஸில் எல்லாரும் தேடும் புத்தகம். அதில் கடிதங்கள் பக்கத்தில் வெட்டி எடுத்து ஒட்டிச் சேர்க்க ஒரு சின்ன முத்திரைப் படம் இருக்கும், மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், முதுகு நேராக இருக்கும், உள்ளே ஸ்டாம்ப் இல்லையென்றால் விலை தரைமட்டம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வாங்குபவர், தெரிந்தவருக்கு வருமானம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இதையே திருப்பிப் பார்த்தால் காமிக்ஸின் பலமும் இங்கேதான் இருக்கிறது. பெரிய பங்குகளை ஆராய உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான அனலிஸ்ட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ரிலையன்ஸைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நாம் கண்டுபிடிக்கப் போவதில்லை. காமிக்ஸ் சந்தையில் அப்படி இல்லை. முப்பது வருடம் படித்தவர், எந்தப் பாத்திரம் எந்த இதழில் ஒரு மூலையில் முதலில் தலைகாட்டியது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர், விற்பவரைவிட அதிகம் அறிந்தவராக இருக்கலாம். அந்த அறிவுக்குச் சந்தை இன்னும் பணம் கொடுக்கிறது. நிஜமாகவே காமிக்ஸில் சம்பாதித்தவர்கள் என்று நான் பார்த்தவர்கள் இந்த ரகம். அவர்கள் சம்பாதித்தது புத்தகம் தானாக விலையேறியதால் என்பதைவிட, குறைவான விலைக்கு வாங்கத் தெரிந்ததால். அதை முதலீடு என்பதைவிட வியாபாரம் என்பது பொருத்தம். வியாபாரத்துக்கு நேரமும் செலவாகும்.

புத்தகம் எதுவும் ஈட்டித் தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பொருள் விற்கிறது, லாபம் பார்க்கிறது, டிவிடெண்ட் கொடுக்கிறது. சந்தை பத்து வருடம் தூங்கினாலும் டிவிடெண்ட் வந்துகொண்டிருக்கும். காமிக்ஸ் பெட்டிக்குள் சும்மா இருக்கிறது, அடுத்தவர் அதிக விலை கொடுத்தால்தான் லாபம். அந்த அடுத்தவர் ஆசைப்பட சினிமா ஒரு பெரிய காரணம். ஒரு பாத்திரத்தை வைத்துப் படம் வரப்போகிறது என்ற வதந்தியில் விலை ஏறும், படம் வெளியாகும் வாரத்தில் இறங்கத் தொடங்கும். கொரோனாக் காலத்தில் வீட்டில் முடங்கிய அமெரிக்கர்கள் கையில் இருந்த காசில் காமிக்ஸ் விலைகள் கன்னாபின்னாவென்று ஏறின. 2022க்குப் பிறகு அவற்றில் பல இறங்கிவிட்டன. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் வைத்துப் பராமரிப்பது தனிப் பாடு. அந்தச் சூப்பர்மேன் பிரதி நன்றாக இருந்ததற்கு வட கலிஃபோர்னியாவின் குளிர்ந்த வானிலை ஒரு காரணம் என்று சொன்னார்கள். சென்னையில், நாகப்பட்டினத்தில், யாழ்ப்பாணத்தில், சிங்கப்பூரில் பரணில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மட்டமான நியூஸ்பிரிண்ட் தன்னில் உள்ள அமிலத்தாலேயே பழுக்கும். ஈரக்காற்றில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும், மதிப்பெண் அங்கேயே குறையும். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் எந்த இதழ் முதல் இதழ் என்று தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் புத்தகம் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மைலார் உறை, அமிலமற்ற அட்டை, சிலிகா ஜெல், மாடியில் ஒரு அலமாரி, முடிந்தால் ஏசி என்று செலவு தொடர்ந்து வரும்.

வரியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இந்தியாவில் பட்டியலிடப்பட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நீண்டகால லாபத்தில் பங்குக்கு உச்ச வரி 20 சதவீதம், சேகரிப்புப் பொருளுக்கு 28. இங்கே காமிக்ஸை அடிக்கடி வாங்கி விற்பவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, வியாபார வருமானம் என்று பார்க்கப்படலாம்.

தமிழ் காமிக்ஸ் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன், ராணி காமிக்ஸ், அதற்கும் முந்தைய இந்திரஜால் என்று ஒரு சின்ன, சூடான சந்தை இருக்கிறது. ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்ற இதழ்கள் இன்று ஆயிரக்கணக்கில் பேரம் பேசப்படுகின்றன. ஆனால் இங்கே கைடு கிடையாது, தரம் பார்க்கும் நிறுவனம் கிடையாது, ஏல விலைப் பதிவு கிடையாது. வாட்ஸப் குழுவில் ஒருவர் சொன்னதுதான் விலை. இரண்டு பேர் ஒரே இதழுக்கு அடித்துக்கொண்டால் ஏறும், அந்த இருவரும் வாங்கிவிட்டால் மூன்றாவது பிரதிக்கு ஆள் கிடைக்காது.

அதைவிடப் பெரிய கேள்வி இந்த ஆசை யாருக்கு இருக்கிறது என்பது. மாயாவியைப் பத்து வயதில் படித்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. கையில் பணமும் மனசில் ஏக்கமும் சேர்ந்திருக்கும் வயது, அதனால் விலை. அமெரிக்காவில் ஸ்பைடர்மேனுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப் படம் வந்து புதுப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிறது. மாயாவிக்கு அப்படி யாரும் இல்லை. இன்னும் இருபது வருடம் கழித்து அந்த முதல் இதழை யார் தேடுவார்கள்? மாயாவி கதைகள் இப்போது நல்ல தாளில் மறுபதிப்பாகவும் வந்துவிட்டன. படிக்க மட்டும் தேடியவர்கள் திருப்தியாகி ஒதுங்கினார்கள், முதல் பதிப்புதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். தமிழ் காமிக்ஸை முதலீடு என்று சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு வாய் வராது. வாங்குங்கள், நானும் வாங்குகிறேன், திரும்பி வராத பணம் என்று நினைத்து வாங்குங்கள்.

முடிவு எடுக்க வேண்டியவர்களுக்கு என் கருத்து இது. தேதி குறித்த பணம், அதாவது பிள்ளையின் படிப்பு, வீட்டு முன்பணம், ஓய்வுக்காலம் போன்றவற்றுக்கான பணம், காமிக்ஸ் பக்கம் போகவே கூடாது. தேவைப்படும் மாதத்தில் விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் கடைக்காரர் சொல்லும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள். அந்தப் பணம் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும், தேதி நெருங்க நெருங்க டெபாசிட்டுக்கு மாறட்டும். பங்குகளைத் தனித்தனியாகப் பொறுக்குகிறேன் என்பவர்கள் 1991 மார்வெலை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

காமிக்ஸுக்கு என்று ஒதுக்குவது மொத்தச் சேமிப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதுவும் ஏற்கெனவே அந்த உலகத்தில் ஊறியவராக இருந்தால் மட்டும். புதிதாக வெளிவரும் ‘லிமிடெட் எடிஷன்’, பத்து விதமான வேரியண்ட் அட்டை எதையும் விலையேறும் என்று வாங்காதீர்கள். சேகரிப்பதற்கென்றே அச்சடிப்பது அரிதாகாது. எழுபதுகளுக்கு முந்தைய, ஒரு முக்கியப் பாத்திரம் முதன்முதலில் வந்த இதழ், நடுத்தரத் தரத்தில் கிடைத்தாலும் பரவாயில்லை. பத்து சாதாரணப் புத்தகத்துக்குப் பதில் அப்படி ஒன்று மேல். புத்தகம் நேரில் பார்க்கக் கிடைத்தால் பக்கங்களை எண்ணுங்கள், நடுப்பக்கம் இருக்கிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாப்பில் இருந்தால் சான்றிதழ் எண்ணை சிஜிசி தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலைக்கு விற்பனையாளர் கேட்பதைப் பார்க்க வேண்டாம், ஈபேயில் விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலைக்கும் போகும் விலைக்கும் இடையில் பல சமயம் பாதி வித்தியாசம்.

இன்னொன்று. டீமேட் கணக்கில் நாமினி பெயர் போட்டுவிட்டால் பங்கு குடும்பத்துக்குப் போய்ச் சேரும், அவர்களுக்கு இண்டெக்ஸ் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும்கூட. காமிக்ஸ் பெட்டிக்கு நாமினி கிடையாது. எடைக்கு எடுக்கும் பழைய பேப்பர்காரருக்கு ஹல்க் 181உம் ஒன்றுதான், போன மாத வார இதழும் ஒன்றுதான். எந்த இதழ், என்ன விலைக்கு வாங்கியது, யாரிடம் கொண்டுபோனால் நியாயமான விலை தருவார் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள். எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், அந்த லேப்டாப்பின் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.